ஒரு ஜோடி டாக்ஸி கமான்

எங்கள் காரின் பின்பக்கக் கமான் மே மாதக் கடைசியில் உடைந்தது. வில்போல் வளைத்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய எஃகுப் பட்டைகளைப் பம்பாய் மெக்கானிக்குகள் கமான் என்பார்கள். இடது சக்கரத்தின் மேலிருந்த அடுக்கில் முதல் பட்டையே இரண்டாகிவிட்டது. வேறு சமயமாக இருந்தால் காரை நிறுத்திவிட்டு ரயிலில் போயிருப்பேன். அந்த ஆண்டு அது முடியாது.

என் மனைவி செம்பூரில் ஒரு பள்ளியில் ஆசிரியை. ஜனவரியில் மாதுங்கா ஸ்டேஷன் படிக்கட்டில் விழுந்து முதுகில் பலமாக அடிபட்டு, நீண்ட விடுப்பில் இருந்தாள். அவளுடைய வகுப்பை ஒரு தற்காலிக ஆசிரியை பார்த்துக்கொண்டார். ஜூனில் பள்ளி திறக்கும்போது வந்தாக வேண்டும், மறுபடியும் விடுப்பு என்றால் வேலை அந்த அம்மாளுக்குத்தான் என்று நிர்வாகம் சொல்லிவிட்டது. ரயில், பஸ் நெரிசல் கூடாது, குலுங்காமல் காரில் போகலாம் என்பது டாக்டரின் கட்டளை. என் அலுவலகமும் செம்பூர்ப் பக்கம்தான். ஆகவே எல்லாம் அந்தக் காரை நம்பி இருந்தது.

காரோ பழைய சீமைச் சரக்கு. அதற்குப் புதுக் கமான் வருவது எப்போதோ நின்றுபோயிருந்தது. நான் அடியில் படுத்து, பட்டையின் நீளம், அகலம், முனை வளையங்களின் குறுக்களவு எல்லாம் எடுத்து, படமும் வரைந்துகொண்டு தாராவிக்குப் போனேன். அங்கே பழைய வண்டிகளைப் பிரித்து விற்கும் திருநெல்வேலிக்காரர் ஒருவர் இருந்தார். எல்லாருக்கும் அவர் அண்ணாச்சி.

என் படத்தை வாங்கி, திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“வண்டிக்கு ஜாதகமே எழுதிட்டு வந்திருக்கீகளே சார். இருங்க, பொருந்துதான்னு பாப்போம்.”

கம்பியால் சேர்த்துக் கட்டிய இரண்டு கமான்களை இழுத்துப் போட்டார். என் டேப்பை வைத்து அளந்தேன். எல்லாம் சரியாக இருந்தது. அடியில் மட்டும் ஒரு பட்டை அதிகம்.

“டாக்ஸில ஓடினது. லோடு தாங்கணும்னு ஒரு பட்ட கூடப் போட்டிருக்கான். பக்கா மால்.”

“எனக்கு இடது பக்கத்துக்கு ஒண்ணு போறும்.”

“ஜோடியப் பிரிச்சுக் குடுக்க மாட்டேன் சார். இந்தப் பக்கம் ஒரு வண்டிது, அந்தப் பக்கம் ஒரு வண்டிதுன்னு மாட்டினா ஒருச்சாஞ்சு போவும். பொறவு, அண்ணாச்சி குடுத்த சரக்குன்னு மாதுங்கா பூரா சொல்லுவீக.”

“ரெண்டும் வேணுங்கறவன் எப்போ வருவான்?”

“வரும்போது வரட்டும். கமான் என்ன சோறா கேக்கு?”

இரண்டையும் வாங்கினேன். அந்த அதிகப் பட்டை எனக்குத் திருப்தியாகவே இருந்தது. பலமான கமான் முதுகுக்கு நல்லது என்று எண்ணினேன்.

என் மெக்கானிக் இரண்டையும் மாட்டி முடித்ததும் காரின் பின்பக்கம் சற்றுத் தூக்கலாக நின்றது. அதையும் நல்ல அறிகுறியாக எடுத்துக்கொண்டேன்.

பள்ளி திறந்த அன்று, மழை தொடங்கி, சயான் சாலை முழுதும் குழியாகியிருந்தது. மனைவி பின்னிருக்கையில் தலையணை வைத்து உட்கார்ந்திருந்தாள். ஒவ்வொரு குழியும் அவளைத் தூக்கிப் போட்டது. கண்ணாடியில் பார்த்தேன். முன்னிருக்கையின் முதுகை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கண்களை மூடியிருந்தாள். பள்ளி வாசலில் இறங்கி, கதவைப் பிடித்தபடி சிறிது நேரம் நின்றாள்.

“மெதுவாத்தானே ஓட்டினேன்?”

“ஆமாம். மெதுவா தூக்கிப் போட்டுது. இப்படியே ஒரு வாரம் வந்தா வேலையை எழுதிக் குடுத்துட வேண்டியதுதான்.”

அலுவலகத்தில் உட்கார்ந்து யோசித்தபோதுதான் புரிந்தது. ஐந்து பேரும் பெட்டியும் ஏறும் டாக்ஸிக்காகப் பட்டை சேர்த்த கமான், ஒல்லியான இரண்டு பேருக்கு வளையவே இல்லை. மெக்கானிக்கிற்குப் போன் செய்தேன். அதிகப் பட்டையைக் கழற்றிவிடலாம், ஆனால் ஞாயிற்றுக்கிழமைக்கு முன் நேரமில்லை என்றான். அதுவரை அவள் தாங்க வேண்டும்.

மாலையில் கொட்டும் மழை. பள்ளி வாசலில் மனைவியோடு மூன்று ஆசிரியைகள் நின்றார்கள். மூவருக்கும் மாதுங்காவில் எங்களுக்கு அடுத்தடுத்த தெருக்கள். பஸ் வரவில்லை. என் காருக்குள் ஈரக் குடை வருவது எனக்குப் பிடிக்காது. மனைவிக்கு அது தெரியும். தெரிந்தும் கதவைத் திறந்து, “ஏறுங்கோ” என்றாள்.

அவர்களில் விஞ்ஞான ஆசிரியை நல்ல பருமன். ஒரு காலை உள்ளே வைத்துவிட்டு, “நான் ஏறினா வண்டி தாங்குமா மாமா?” என்றார்.

“அதெல்லாம் தாங்கும். டாக்ஸி கமான்.”

“அப்போ மீட்டர் போட்டுடுவேளா?”

மூவரும் நோட்டுப் புத்தகக் கட்டுகளோடு ஏறியதும் காரின் பின்பக்கம் தாழ்ந்தது. காலையில் பார்த்த அதே குழிகளில் கார் படகுபோல் அமிழ்ந்து எழுந்தது. கண்ணாடியில் பார்த்தேன். மனைவியின் கைகள் மடியில் இருந்தன. கால அட்டவணையைப் பற்றி விஞ்ஞான ஆசிரியையோடு வாதாடிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலை மூவரும் எங்கள் கட்டட வாசலில் குடையோடு நின்றார்கள். அவள்தான் வரச் சொல்லியிருந்தாள்.

ஞாயிறன்று காரை எடுக்கப் போனேன்.

“எங்கே கிளம்பிட்டேள்?” என்றாள் மனைவி.

“அந்தப் பட்டையைக் கழட்ட.”

“இருக்கட்டும். அதைக் கழட்டினா அவாளை எப்படி ஏத்திக்கறது?”

ஜூலையில் தற்காலிக ஆசிரியை வேறு பள்ளிக்குப் போய்விட்டதாக மனைவி சொன்னாள். அவருக்கு வேலை கிடைத்ததில் அவளுக்கு நிம்மதி. எங்கள் காரில் வாரம் முழுவதும் குடையும் பேச்சும் நிறைந்திருந்தன. ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் நாங்கள் இருவரும் எங்கே போவதானாலும் நடந்தே போனோம்.