நவமியன்று போட்ட ஃப்யூஸ்

ஃபராக்கா பக்கம் ஒரு பழைய கறுப்புக் கார் நடுரோட்டில் எரிந்து கரியாகிவிட்டதாம். உள்ளே இருந்தவர்கள் கதி தெரியாதாம். தொண்ணூற்றாறாம் வருஷம், விஜயதசமிக்கு மறுநாள் காலை, கல்கத்தா லேக் கார்டன்ஸ் பான் கடையில் இந்தச் செய்தி வெற்றிலையோடு சேர்த்து மெல்லப்பட்டது. சொன்னவர் நேரில் பார்க்கவில்லை. அவருக்குச் சொன்னவரும் பார்க்கவில்லை. அதனால்தான் விவரமெல்லாம் அத்தனை துல்லியமாக இருந்தது.

நின்று கேட்ட ஜம்புநாதன் மீதிச் சில்லறையை வாங்க மறந்தார். எதிர்வீட்டுக் கோஷாலும் அவர் மனைவியும் நவமி மத்தியானம் அந்த வழியாகத்தான் டார்ஜிலிங் போனார்கள். கார் கறுப்பு. ஐம்பத்தாறாம் வருஷத்து இங்கிலீஷ் வண்டி. அதன் ஹீட்டர் ஸ்விட்சை ரிப்பேர் செய்தவர் ஜம்புநாதன்.

துறைமுகத்தில் எலெக்ட்ரிகல் சூப்பர்வைசராக முப்பத்திரண்டு வருஷம் ஷாக் அடிக்காமல் ஓட்டி ரிடையரானவர் அவர். திறமை என்று ஊர் சொன்னது. பயம் என்று அவருக்குத் தெரியும். பல்பு மாற்ற மெயினை அணைத்துவிட்டு, அணைத்தோமா என்று இரண்டு தரம் போய்ப் பார்க்கிறவர். அப்படிப்பட்டவரைச் சறுக்க வைத்தது சரஸ்வதி பூஜை.

நவமி காலையில் கோஷால் வந்து நின்றார். "ஜம்புபாபு, ஸ்விட்ச் போட்டா ஹீட்டர் ஓட மாட்டேங்குது. அங்கே குளிர்ல என் பெண்டாட்டி விறைச்சுப் போயிடுவா."

கல்கத்தாவில் நாற்பது வருஷம் யாரும் தொடாத ஹீட்டர். பார்த்துக் கொடுப்பதில் கஷ்டமில்லை. ஆனால் டூல் பாக்ஸ், சந்தனம் குங்குமம் இட்டுக்கொண்டு, புத்தகங்களோடு பூஜையில் உட்கார்ந்திருந்தது. "நாளைக்குப் புனர்பூஜை ஆகறவரைக்கும் அதைத் தொடப்படாது" என்றாள் நாகலக்ஷ்மி. கோஷாலுக்கு இது விளங்கவில்லை. அவர்கள் ஊர் விஸ்வகர்மா பூஜையில் ஆயுதங்களின் லீவு போன மாதமே முடிந்திருந்தது.

ஜம்புநாதன் காய் நறுக்கும் கத்தியும் நகம் ராவும் அரமும் எடுத்துக்கொண்டு போனார். ஸ்விட்சுக்குள் களிம்பு பிடித்த பித்தளையைச் சுரண்டினார். கத்தி நழுவியது, ஒரு பொறி, ஃப்யூஸ் போயிற்று. மாற்று ஃப்யூஸ், பூஜையிலிருந்த பெட்டிக்குள். பூஜைக்காகக் கடைகளும் சாத்தியிருந்தன. கோஷாலின் சிகரெட் பெட்டியிலிருந்து வெள்ளித்தாளைக் கிழித்து, எரிந்த ஃப்யூஸைச் சுற்றிச் சொருகினார். ஹீட்டர் விசிறி ஜம்மென்று சுழன்றது. வெள்ளித்தாள் எரியாது, பதிலுக்கு ஒயர் எரியும் என்று அவருக்குத் தெரியாதா? வழியில் சிலிகுரியில் புது ஃப்யூஸ் போட்டுக்கொள்ளுங்கள் என்று சொல்ல வாயைத் திறந்தார். அதற்குள், "போர்ட் இன்ஜினியர் கை, பார்த்தீங்களா" என்று கோஷால் தெருவுக்கே அறிவித்துவிட்டார். வராத புரமோஷன் வந்த மகிழ்ச்சியில் அந்த வாக்கியம் உள்ளே போய்விட்டது.

இப்போது பான் கடையிலிருந்து வீட்டுக்கு ஓடினார். "கோஷால் குடுத்த ஹோட்டல் நம்பர் எங்கே?"

"காலண்டர்ல சொருகியிருக்கேன். எதுக்குன்னா?"

"சும்மா விசாரிக்கத்தான்."

"சும்மா விசாரிக்கறவா செருப்பைக் கால் மாத்திப் போட்டுண்டு நிக்கமாட்டா."

எஸ்டிடி பூத்தில் இரண்டு முறை தவறான நம்பர். மூன்றாம் முறை ஹோட்டல் மேனேஜர் எடுத்தார்.

"கோஷால் பாபுவா? நேத்து சாயங்காலம் வந்தார். இப்போ காலிம்போங் கிளம்பறார். வண்டி வாசல்ல ஓடிட்டிருக்கு."

உயிரோடு இருக்கிறார்கள் என்று மூச்சு விட்டவருக்கு, அடுத்த மூச்சு வரவில்லை. குளிர்; என்ஜின் ஓடுகிறது; ஹீட்டரும் ஓடும்.

"நிறுத்துங்க. ஹீட்டரை அணைக்கச் சொல்லுங்க. ஃப்யூஸ்ல..." பூத்காரனுக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டார். "ஃப்யூஸ்ல சிகரெட் தாள் சுத்தியிருக்கு. நான்தான் சுத்தினேன்."

"நீங்க யாரு, எலெக்ட்ரீஷியனா?"

"போர்ட்ல சூப்பர்வைசர்."

"கப்பல்லயும் இப்படித்தானா?" ரிசீவர் மேஜையில் டொக்கென்று விழுந்தது.

பிறகு காற்று. ஒரு நாய். எங்கோ ஓடும் காலடி. அப்புறம் ஒன்றுமே இல்லை. மீட்டரில் சிவப்பு எண்கள் ஏறின. வேண்டிக்கொள்ளலாம் என்றால் எந்தச் சாமியை? சரஸ்வதி இந்தக் கேஸில் சம்பந்தப்பட்டவள்.

கடைசியில் கோஷால் குரல். "ஜம்புபாபு, ஒயர் தோல் உருகித் தொங்குது. இன்னும் பத்து நிமிஷம் போயிருந்தா மலைப்பாதையில நாங்க தீபாவளி. நேத்து மலை ஏறும்போது குர்சியாங்ல இருந்தே கருகின வாசனை. பெண்டாட்டி என் சாக்ஸைத் திட்டிட்டு வந்தா."

"ஃபராக்காவில எரிஞ்சதுன்னாங்களே?"

"அது வைக்கோல் லாரி. நாங்க இறங்கி நின்னு வேடிக்கை பார்த்தோம்." கோஷால் குரல் இறங்கியது. "அன்னிக்கே ஏன் சொல்லலை?"

"நீங்க இன்ஜினியர்னு சொல்லிட்டீங்க."

கோஷால் சிரிக்கவில்லை. "ஃப்யூஸைப் பிடுங்கினதுல மேனேஜருக்கு ரெண்டு விரல் வெந்துபோச்சு. மருந்து வேண்டாங்கறார். மெட்ராஸ்காரர்னா நல்ல காபிப்பொடி அனுப்பட்டும், டீ குடிச்சு அலுத்துப்போச்சுங்கறார்."

"அனுப்பறேன்னு சொல்லுங்க" என்றார் ஜம்புநாதன்.

மறுவாரமே நாகலக்ஷ்மி அரைக்கிலோ வறுத்து அரைத்துக் கொடுத்தாள். பார்சலில் எழுத மேனேஜர் பெயரைக் கேட்டு வைக்கவில்லை. கோஷாலிடம் கேட்கலாம், கேட்டால் அந்தப் பேச்சு மறுபடி தொடங்கும். டார்ஜிலிங் போகிறவர்களிடம் கொடுக்கலாம். எதற்கு என்று கேட்பார்களே. பொடி மணம் போவதற்குள் வீட்டிலேயே குடித்துத் தீர்த்தார்கள். அடுத்த பூஜைக்குப் புதிதாக அரைத்துக் கட்டினாள்; வருஷா வருஷம் இதே கதை. இரண்டாயிரத்து ஏழு பூஜைக்குக் கூட மாடிவீட்டுக்காரர்கள் டார்ஜிலிங் கிளம்பினார்கள். ஜம்புநாதன் அந்த வருஷத்துப் பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டு, அவர்கள் டாக்ஸி திருப்பம் தாண்டுகிறவரை ஜன்னலோரம் நின்றிருந்தார்.