வரிசையில் நின்ற மூன்றாவது கடிதம்

இறந்துபோனவருக்கு எழுதப்பட்ட கடிதம் ஒன்று என் பெட்டியில் வந்து கிடந்தது.

மார்த்தாண்டத்தை அடுத்த ஒரு கல்லூரியில் கணினிகளையும் மின்னஞ்சல் சர்வரையும் பார்த்துக்கொள்வது என் வேலை. எங்கள் நூலகர் காலமாகி ஒன்றரை மாதம் ஆகியிருந்தது. அவர் விலாசத்துக்கு வருவதையெல்லாம் என் பெட்டிக்குத் திருப்பிவிட்டிருந்தேன். பெரும்பாலும் புத்தக விளம்பரங்கள்தான் வரும். அன்று காலையில் வந்தது மஸ்கட்டில் நர்ஸாக இருக்கும் அவருடைய மகளிடமிருந்து.

"வாப்பா, நீங்க எழுதினது ரெண்டும் இப்பதான் கெடச்சுது. நான் சாப்பிட்டேன். நீங்க சாப்பிட்டியளா?"

அவ்வளவுதான் இருந்தது. தேதியைப் பார்த்தேன். அன்றைய தேதிதான்.

நூலகர் தேங்காய்ப்பட்டணத்துக்காரர். போனில் பேசுவது அவருக்குப் பிடிக்காது. மதியத் தொழுகை முடிந்து வந்ததும் நூலகத்து ஜன்னலோரம் உட்கார்ந்து மகளுக்கு ஒரு மின்னஞ்சல் எழுதுவார். ஐப்பசி மழையில் சாலை தோண்டியவர்கள் எங்கள் கேபிளை அறுத்துவிட, மூன்று நாள் இணையம் இல்லாமல் போனது. அப்போதும் எழுதினார்.

"இது போவுமா சாரே?" என்று என் அறைக்கு வந்து கேட்டார்.

"இப்ப போவாது. சர்வருக்குள்ள வரிசையில நிக்கும். லைன் வந்தா போவும். அஞ்சு நாளும் போவல்லன்னா உங்களுக்கே திரும்பி வந்திரும்."

"அதுவர இந்தப் பெட்டிக்குள்ளயா நிக்கும்?" என்று சர்வரின் மேல் கையை வைத்துப் பார்த்தார். "சூடாட்டு இருக்கே."

ஐந்து நாள் கெடு தாண்டிவிடக் கூடாதே என்று வரிசை முழுவதையும் நிறுத்திவைத்தேன். அப்படி நிறுத்திவைத்தால் கடிதங்கள் போகவும் போகாது, திரும்பவும் செய்யாது. நான்காம் நாள் காலையில் லைன் வந்தது. அதே காலையில் அவர் வீட்டில் நெஞ்சுவலி வந்து இறந்தார். எல்லோரும் தேங்காய்ப்பட்டணம் போனோம். மகள் வந்து சேருவதற்குள் அடக்கம் முடிந்திருந்தது. அந்த வாரமே புதிய சர்வர் ஓடத் தொடங்கியது. நிறுத்திவைத்த வரிசை பழையதற்குள் இருப்பதை நான் மறந்தேபோனேன்.

ஒன்றரை மாதம் கழித்து, பழைய சர்வரை அழிக்கும் முன் ஓட்டிப் பார்த்தபோது அதில் சில கடிதங்கள் நின்றன. யாருடையவை என்றுகூடப் பார்க்கவில்லை. புதிதாக வந்தவை போல மறுபடியும் வரிசையில் விட்டேன். மறுநாள் அவளுடைய பதில் வந்துவிட்டது.

உடனே அவளுக்குப் போன் செய்து என் தவறைச் சொன்னேன்.

"'மழ நிக்கல்ல மக்ளே, நீ சாப்பிட்டியா'ன்னு இருந்து சாரே. டூட்டிக்குப் போற பஸ்ஸுல படிச்சேன். அப்பமே பதிலும் எழுதிட்டேன். பஸ்ஸ விட்டு எறங்கினப்பொறவுதான் ஓர்ம வந்து, வாப்பா இல்லியேன்னு."

அன்று மதியம் நூலகர் பெயருக்கு இன்னொன்று வந்தது. அனுப்பியது பழைய சர்வர். 'உங்கள் கடிதம் இன்னும் போய்ச் சேரவில்லை. தொடர்ந்து முயன்றுகொண்டிருக்கிறோம். நீங்கள் எதுவும் செய்ய வேண்டியதில்லை.'

மூன்றாம் நாள் எழுதிய கடிதம் அது. ஏதோ ஒன்றை இணைத்திருந்தார் போல, அளவு பெரிதாக இருந்தது. மகளின் பெட்டியில் அதற்கு இடமில்லை. இடமில்லை, பிறகு வா என்று அங்கிருந்து பதில் வர, சர்வர் காத்திருந்து காத்திருந்து மறுபடியும் போய்க் கேட்டுக்கொண்டிருந்தது. பழைய மெயில்கள் கொஞ்சத்தை அழித்தால் போதும் என்று அவளிடம் சொன்னேன்.

"வேண்டாம் சாரே."

"ஏன்?"

"அதும் வந்துட்டா பொறவு வாறதுக்கு ஒண்ணும் இல்லல்லா."

"அஞ்சு நாள் கழிஞ்சா இஞ்ச திரும்பி வந்திரும்மா."

"திரும்ப விடாதிய. அங்கயே நிக்கட்டும்."

அந்த ஒரு கடிதத்தை மட்டும் நிறுத்திவைத்தேன். அதற்காகப் பழைய சர்வர் ஐந்து மாதம் ஓடியது. பட்டியலில் அனுப்புநர், பெறுநர், நேரம், அளவு எல்லாம் தெரியும். உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க எனக்கு ஒரு நிமிடம் போதும். பார்க்கவில்லை. ஆள் இல்லாத அந்த அறையில் மின்விசிறி சுற்றுகிற சத்தம் வராந்தா வரைக்கும் கேட்கும். அதைக் கடக்கும்போது என்னை அறியாமல் மெதுவாக நடப்பேன்.

விடுமுறைக்கு வந்தவள் ஒரு மதியம் கல்லூரிக்கு வந்தாள். நூலகத்தில் உட்கார்ந்து போனில் எதையெதையோ அழித்தாள்.

"விடுங்க சாரே," என்றாள்.

அங்கிருந்த கணினியிலிருந்தே கடிதத்தை விட்டேன். சில நொடிகளில் போன் அதிர்ந்தது. வெகுநேரம் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினாள். ஒரு புகைப்படம். நாங்கள் இருந்த அதே நூலகம். ஜன்னலுக்கு வெளியே மழை. திரை ஒளிரும் கணினி. அதன் முன்னால் யாரும் இல்லாத நாற்காலி. கீழே, 'மழயப் பாரு மக்ளே' என்று எழுதியிருந்தார்.

படமெடுக்க அவர் எழுந்து நின்றிருக்கிறார், அதனால் நாற்காலி காலி. யாருக்கும் புரிகிற விஷயம்தான். ஆனாலும் இரண்டு பேருமே அந்த ஜன்னல் பக்கம் திரும்பவில்லை.

போகும்போது சொன்னாள்: "வாப்பாக்க விலாசத்த எடுத்திராதிய."

எடுக்கவில்லை. பழைய சர்வரை மட்டும் அணைத்தேன். அவர் பெயருக்கு வருவது என் பக்கம் திரும்பாமல் அவர் பெட்டிக்கே போகும்படி மாற்றினேன். அதை யாரும் திறப்பதில்லை. மஸ்கட்டிலிருந்து வந்து படிக்கப்படாமல் கிடப்பவை எத்தனை என்று மட்டும் எனக்குத் தெரியும். போன வாரம் பதினேழு.