மக்கீன் நானாவின் சிவப்புக் கோடு

தெல்தோட்டைக் கடைவீதியில் ஆட்கள் ஏறி உட்கார்ந்து, மரக்கறிப் பைகளை மடியில் வைத்துக்கொண்டு, "போவமா நானா?" என்று அண்ணன் முறை சொல்லிக் கேட்ட பிறகுதான் மக்கீன் ஜீப்புக்குப் பக்கத்தில் குந்துவார். இடது முன் சில்லு முதலில். ஒவ்வொரு நட்டையும் கட்டைவிரலால் தடவி, நட்டுக்கும் ரிம்முக்கும் குறுக்கே போட்டிருக்கும் சிவப்புக் கோட்டைத் தலை சாய்த்துப் பார்ப்பார். கோடு நேராக இருந்தால் அடுத்த நட்டு. நாலு சில்லும் முடிந்து, முழங்காலைப் பிடித்து எழும்பி, "பிஸ்மில்லா" என்று சொல்லிச் சாவியைத் திருப்புவதற்குள் பின்சீட்டில் யாராவது ஒருவர் குறட்டை விடத் தொடங்கியிருப்பார்.

தேயிலைத் தோட்டத்தின் மேல்பிரிவுக்கு ஏறும் பாதையை ஒருமுறை பார்த்தவர்கள் இதற்குச் சிரிக்க மாட்டார்கள். தேயிலை மலையைச் சுற்றிச் சுற்றிப் போகும் அந்தப் பாதை தாரைக் கண்டதில்லை. பாதி தூரம் கல், மீதி தூரம் சேறு, நடுவில் ஓடை. இந்தப் பக்கம் மலை, அந்தப் பக்கம் ஒன்றுமில்லை. மேல்பிரிவுச் சனத்தின் அரிசியும் சிமெந்தும் காஸ் சிலிண்டரும் காய்ச்சல்காரரும் அந்த ஒரு ஜீப்பில்தான் போய் வர வேண்டும். "குலுங்குற வண்டில நட்டு சும்மா ஈக்காது, அதுவும் கொஞ்சம் கொஞ்சமா நடக்கும்" என்பார் மக்கீன்.

நட்டை இறுக்குவதிலும் அவருக்கு ஒரு முறை இருக்கிறது. ஒன்றை இறுக்கினால் அடுத்தது எதிரே இருப்பது. பக்கத்தில் இருப்பதைத் தொடமாட்டார். "பக்கத்து ஊட்டுக்காரனோட மட்டும் சேந்துக்கிட்டா ஊரு சாஞ்சி பொய்த்திரும்" என்பது அவர் விளக்கம். ஸ்பானர்மேல் ஏறி மிதிப்பவர்களைக் கண்டால் பல்லைக் கடிப்பார். கைப்பலம் போதும், காலைக் கொடுத்தால் போல்ட் இழுபட்டுப் பலமிழந்துவிடும் என்பது அவர் கட்சி.

அந்தச் சிவப்புக் கோடு கியூட்டெக்ஸ். பெண்கள் நகத்துக்குப் போடுகிற அதே சாமான். மக்கீன் வீட்டில் யாரும் கியூட்டெக்ஸ் போடுவதில்லை; நகத்தில் பூச்சு இருந்தால் தண்ணீர் படாது, தொழுகைக்கு முன் கைகால் கழுவும் வுளு நிறைவேறாது. அப்படிப்பட்ட மனுசன் வளையலும் பொட்டும் விற்கும் பென்சிக் கடையில் சிவப்புக் கியூட்டெக்ஸ் வாங்கினால் ஊர் சும்மா இருக்குமா? செய்தி, மடவளையிலிருந்து அவருக்கு வாழ்க்கைப்பட்டு வந்த கைரியாவின் காதுக்குப் போயிற்று. வீட்டில் தேத்தண்ணீருக்குச் சீனி நின்றது. மக்கீன் காரணம் தெரியாமல் சீனியில்லாத தேத்தண்ணீரைக் குடித்துக்கொண்டே இருந்தார். கடைசியில் கைரியாதான் பொறுக்காமல் கேட்டார். "எந்தப் பொம்பளைக்கு?" மக்கீன் அவரை ஜீப்படிக்குக் கூட்டிவந்து சில்லைக் காட்டினார். "இவளுக்குத்தான். இவ தொழுறதில்ல." கோடு உடைந்தால் நட்டு அசைந்திருக்கிறது என்று அர்த்தம். அதற்குப் படித்திருக்கவும் வேண்டாம், பழகியிருக்கவும் வேண்டாம், கண் இருந்தால் போதும். கைரியாவே இந்தக் கதையை மேல்பிரிவுப் பேச்சியம்மாவிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறார்.

பேச்சியம்மாவின் கணவர் ராஜலிங்கத்துக்கு இதெல்லாம் வேடிக்கை. மேல்பிரிவு மாரியம்மன் கோயில் கமிட்டித் தலைவர் அவர். "நானா நட்டுக்குத் தாலாட்டுப் பாடுறாரு, பாடி முடிச்சதும் போவோம்" என்று வண்டியில் உள்ளவர்களைச் சிரிக்க வைப்பவரும் அவர்தான். ஆனால் திருவிழாவில் அம்மனைக் கீழே கடைவீதி வரைக்கும் கொண்டுபோக மக்கீனைத் தவிர வேறு சாரதியைக் கூப்பிட மாட்டார். அந்த இறக்கத்தில் அம்மனைக் குலுக்காமல் இறக்க வேறு ஆள் கிடையாது. மக்கீனும் அன்றைக்குத் தொப்பியோடு, செருப்பைக் கழற்றிவிட்டு, வெறுங்காலால்தான் கிளச்சை மிதிப்பார்.

இந்த வருடம் பந்தல் கட்டுவதற்காக முதல் நாளே ஜீப்பை மேலே விட்டுவிட்டுப் போனார். மறுநாள் காலையில் வந்து பார்த்தால் ஜீப் தேராகியிருந்தது. வாழை, தென்னங்குருத்து, மல்லிகை. அம்மன் உள்ளே ஏறிவிட்டாள். நாலு சில்லுக்கும் அடியில் நாலு எலுமிச்சம்பழம். பால்குடம் எடுத்த பெண்கள் ஜீப்புக்கு முன்னால் வரிசையாக நின்றார்கள். முதல் ஆளாக, இடது சில்லுக்கு நேரே, ராஜலிங்கத்தின் மகள் லோஜினி.

சில்லுகள் வெள்ளி நிறத்தில் பளபளத்தன.

"எப்படி நானா?" ராஜலிங்கம் நெஞ்சு நிறையக் கேட்டார். "அம்மா ஏறுற வண்டி, துருப்பிடிச்ச சக்கரத்தோட போலாமா? நேத்து நாலையும் கழட்டி, உள்ள வெளிய எல்லாம் பெயின்ட் அடிச்சு, நானே ஏறி மிதிச்சு இறுக்கினேன்."

மக்கீன் குந்தினார். "என்ட கோடு எங்க?"

கோடு பெயின்ட்டுக்கு அடியில் போயிருந்தது. அவர் ஸ்பானரை எடுத்து நட்டில் வைத்தார். அது முனகக்கூட இல்லை. போத்தல் மூடி மாதிரித் திரும்பியது. அடுத்ததும் அப்படியே. ரிம்முக்கும் இரும்புக்கும் நடுவில் காயாத பெயின்ட் தடிப்பாகக் கிடந்து, தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்தடியிலிருந்து கோயில் வரை வந்த சின்ன ஓட்டத்திலேயே நசுங்கி இடம் விட்டிருந்தது. மேளம் நின்றது. அந்த நட்டு திரும்பியதைக் கூட்டம் முழுவதும் பார்த்துவிட்டது.

"நல்ல நேரம் போவுது நானா. இறுக்கிட்டுக் கெளம்புங்க. அம்மா கோவிச்சுக்குவா" என்றார் ராஜலிங்கம்.

"ஒங்கட அம்மா கோவிச்சா பொங்கல் வெச்சு சமாதானம் செய்யேலும். சில்லு கோவிச்சா எனத்த வைக்கிற? பெயின்ட் சுரண்டாம இறுக்கினா மறுகாவும் கழலும்."

மக்கீன் வண்டியைத் தூக்க ஜெக்கை எடுத்தார். சில்லுக்கடியில் இருந்த எலுமிச்சம்பழத்தைப் பக்குவமாக எடுத்து, "இத வெச்சுக்கங்க மகள்" என்று லோஜினியிடம் கொடுத்தார். ராஜலிங்கத்தின் கண் அப்போதுதான் மகள் நின்ற இடத்துக்குப் போனது. சில்லைப் பார்த்தார், மகளைப் பார்த்தார், கீழே வளைந்து இறங்கும் பாதையைப் பார்த்தார். அம்மனுக்கு அழகு செய்கிறேன் என்று பெற்ற பிள்ளைக்கு மேல் ஜீப்பை ஏவிவிட இருந்தவர் தான்தான் என்பது அவருக்கு உறைத்தது.

அதன்பிறகு அவர் நேரத்தைப் பற்றிப் பேசவில்லை. பெயின்ட் கரைக்கும் தின்னர் போத்தலைப் பிடித்துக்கொண்டு மக்கீனுக்குப் பக்கத்தில் குந்தினார். மக்கீன் ஒவ்வொரு சில்லாகக் கழற்றி, இரும்போடு இரும்பு படும் இடமெல்லாம் கத்தியால் சுரண்டி, துணியால் துடைத்து, நகத்தால் கீறிப் பார்த்தார். சுற்றிலும் அத்தனை சனம், உள்ளே அம்மன், வெயில் ஏறுகிறது. அந்த மனுசனுக்கு உலகத்தில் அந்த ஒரு நட்டுதான் இருந்தது. நட்டு முடிந்தால் எதிர் நட்டு. இத்தனை வருடம் தான் கேலி செய்தது இதைத்தானா என்று ராஜலிங்கம் பார்த்துக்கொண்டிருந்தார். சந்நிதியில் நிற்கும்போது வருகிற அடக்கம் அவருக்கு அந்தத் தரையில் குந்தியிருக்கும்போது வந்தது. பூசாரி மட்டும் வெற்றிலையை மென்றபடி, "சாமி கெளம்புற நேரந்தான் நல்ல நேரம்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

கோடு போட மக்கீனிடம் கியூட்டெக்ஸ் இல்லை. லோஜினி லயத்துக்கு ஓடி, தன்னுடைய ஊதா நிறத்தைக் கொண்டுவந்தாள். "நெறம் எதுவானாலும் சரி மகள், நேரா ஈந்தாப் போதும்" என்றார்.

தேர் கிளம்பியது. சமதரை முடிந்து, பெரிய இறக்கம் தொடங்கும் வளைவில் மக்கீன் ஜீப்பை நிறுத்தி இறங்கினார். கழற்றிப் பூட்டிய சில்லைக் கொஞ்ச தூரம் ஓடிய பிறகு இன்னொருமுறை பார்க்காமல் அவர் இறக்கத்தில் விடமாட்டார். நாலு சில்லிலும் ஸ்பானர் வைத்தார். ஒன்றும் அசையவில்லை. ஊதாக் கோடுகள் எல்லாம் போட்டது போட்டபடி இருந்தன.

"சரி, போவம்" என்று ஏறி உட்கார்ந்தார்.

ஆனால் முன்னால் யாரும் இல்லை. பால்குடம் எடுத்த பெண்கள் ஒவ்வொருவராகப் பாதையோரத்துக்கு ஒதுங்கி, ஜீப்புக்குப் பின்னால் போய்க்கொண்டிருந்தார்கள். காலையில் நட்டு திரும்பியதைப் பார்த்த கண்கள் அவை. யாரையும் குறை சொல்வதற்கில்லை. மக்கீன் ஸ்டியரிங்கில் கையை வைத்தபடி இருந்தார். அம்மனுக்கு முன்னால் ஓர் ஆள்கூட இல்லாமல் ஊர்வலம் இறங்கினால், ஊர் இனி அவருடைய வண்டியை எப்படிப் பார்க்கும் என்பது அவர் முகத்தில் தெரிந்தது.

ராஜலிங்கம் குனிந்து, இடது முன் சில்லின் ஊதாக் கோடுகளை ஒவ்வொன்றாகக் கட்டைவிரலால் தடவினார். எழும்பி, லோஜினியின் தலையிலிருந்த பால்குடத்தை வாங்கித் தன் தலையில் வைத்துக்கொண்டார். நடந்து போய், அந்தச் சில்லுக்கு நேரே, கைக்கெட்டும் தூரத்தில், அதற்கு முதுகைக் காட்டி நின்று, மேளக்காரனைப் பார்த்து அடிக்கச் சொல்லிக் கையசைத்தார்.