கஞ்சியில் திருநீறு

எஸ்டேட்டில் அத்தனை வீடு இருக்க, அம்மன் எங்கள் வீட்டுக்குத்தான் வந்தாள்! ஏழு வயதில் எனக்குத் தலைகால் புரியவில்லை. அக்காவின் நெஞ்சிலும் முதுகிலும் செக்கச்செவேலென்று கிளம்பியிருந்ததைப் பார்த்ததுமே அத்தை கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

“அண்ணி, அம்மை போட்டிருக்கு! இனிமே மாத்திரை கீத்திரை ஒன்னும் வேணாம்லா, குத்தமாயிடும்.”

அக்காவுக்கு வலிப்பு உண்டு. தானா ராத்தா ஆஸ்பத்திரியில் அப்போதுதான் மாத்திரையை மாற்றிக் கொடுத்திருந்தார்கள். அத்தை அதைத் தூக்கி அலமாரி மேல் போட்டாள். மலைக்குளிரில் வேப்பமரம் ஏது? காய்கறி லோரி ஓட்டும் சித்தப்பா ஈப்போவிலிருந்து வேப்பிலை அனுப்பிவைத்தார். வாசலில் அதைச் செருகியதும் எங்கள் வீடே கோயிலாகிவிட்டது. அம்மை இறங்கும்வரை எனக்குப் பள்ளிக்கூடம் கிடையாது. லயத்து வரிசை வீட்டுச் சனமெல்லாம் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டது. எனக்கு ஒரே பெருமை!

அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று எனக்கு மட்டும் தெரியும். அத்தை குளிக்கப் போகும் நேரம் பார்த்து அம்மா அக்காவின் கஞ்சியில் ஏதோ வெள்ளைப் பொடியைக் கலப்பாள். திருநீறுதான், வேறென்ன? பார்த்துவிட்ட என்னிடம், வாயில் விரல் வைத்துக் காட்டினாள்.

ஆனால் அம்மை இறங்கவில்லை. அக்காவின் உதடு வெடித்தது, கண் சிவந்தது. அடுத்த நடை வேப்பிலையோடு வந்த சித்தப்பா, அவளைப் பார்த்ததும் யாரையும் கேட்காமல் தூக்கி லோரியில் உட்கார வைத்தார். எல்லாரும் நெருக்கியடித்து ஏறினோம். தேயிலை மலையெல்லாம் ஓடி ஓடிப் பின்னால் போனது. எனக்கா, கொண்டாட்டம்!

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா சொன்னார்: “இது அம்மை இல்லம்மா. இந்த வலிப்பு மாத்திரை சிலபேருக்கு ஒத்துக்காது. தோல்லதான் காட்டும். விட்டா உசுருக்கே ஆபத்து. எப்ப நிறுத்துனீங்க?”

“செவந்த அன்னைக்கே டாக்டர்!” என்றாள் அத்தை, ஜெயித்தவள் மாதிரி.

“அப்படின்னா இதுக்குள்ள கொறைஞ்சிருக்கணுமே.”

அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். “நான்தான் டாக்டர், கஞ்சியில கலந்து குடுத்தேன். வலிப்பு வந்துடுமோன்னு பயமா இருந்துச்சு.”

எடை பார்க்கும் மெஷினில் ஏறி இறங்கிக்கொண்டிருந்த என் காதில் அது விழுந்தது, மண்டையில் ஏறவில்லை. டாக்டரம்மா திட்டவே இல்லை. வார்டில் வைத்துப் பார்ப்பதாகவும், மாத்திரையை மாற்றுவதாகவும், நேரத்துக்கு வந்துவிட்டதால் சரியாகிவிடும் என்றும் சொன்னார். நல்ல சேதிதானே? அம்மா ஏன் அழுகிறாள்?

ஓடிப்போய் அவள் காதில் சொன்னேன்: “அழாதம்மா. நீ தெனமும் கஞ்சியில திருநீறு போட்டீல்ல, அதாம்மா அக்கா பொழைச்சுக்கிச்சு.”

அம்மா என்னைக் கட்டிக்கொண்டு இன்னும் சத்தமாக அழுதாள். சந்தோஷத்தில் அழுகிறாள் என்றுதான் நினைத்தேன்.