அக்காவின் பிரெஞ்சுப் பாடம்

கல்யாணமாகிப் பிரான்சுக்குப் போன அத்தை, தன் மகனுக்கு எங்கள் அக்காவைக் கேட்டார். முறை மாப்பிள்ளைதான். ஆனால் பிறந்து வளர்ந்ததெல்லாம் அங்கே என்பதால் அவருக்குத் தமிழ் அரையும் குறையும். ஆகவே அக்கா பிரெஞ்சு படிக்க வேண்டும் என்று முடிவானது. பேசிப் பழக ஆள் வேண்டுமே என்று பதினொரு வயதான என்னைப் பிடித்துப் போட்டார்கள். என்னை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அக்கரப்பத்தனையில் தோட்டத் தொழிலாளர் லயத்தில் இருக்கும் எங்கள் வீட்டுக்குள் சிக்னல் கிடையாது. தேயிலை மலையில் தண்ணீர்த் தொட்டி வரைக்கும் ஏற வேண்டும். அங்கே நின்றுதான் அத்தை அனுப்பும் வாய்ஸ் மெசேஜ்களைக் கேட்போம். இலக்கணமெல்லாம் பிறகாம், சின்னச் சின்னச் சொற்கள்தான் முக்கியமாம். 'ஆ போன்' என்று குரலை உயர்த்தினால் 'அப்படியா, நெசமாவா?' இறக்கினால் 'சரி, விளங்கிருச்சு'. 'பொஃப்' என்று உதட்டால் ஊதினால் 'என்னமோ, பெரிசா ஒண்ணுமில்ல'.

எனக்கு இரண்டே நாளில் பிடிபட்டது. அக்காவுக்கோ ஒரு மாதமாகியும் எல்லாம் ஒரே குரல். மழை பெய்கிறது என்றாலும் வீடு எரிகிறது என்றாலும் அதே 'ஆ போன்'. அட்டை கடித்த காலைச் சொறிந்துகொண்டு நூறு தடவை சொல்லிக் காட்டியிருப்பேன். எரிச்சல் தாங்கவில்லை.

"மேல தூக்குக்கா! கேள்வி கேக்குற மாதிரி!"

"தூக்குறேன்ல?"

"எங்க தூக்குற? செத்த பாம்பு மாதிரி கெடக்கு."

அக்கா கோபிக்கவில்லை. கீழே தெரிந்த பாலர் பள்ளியின் தகரக் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் அங்கே டீச்சராகச் சேர்ந்து நாலு மாதம்தான் ஆகியிருந்தது. கல்வியியல் கல்லூரிக்கு விண்ணப்பமும் போட்டிருந்தாள். படிக்கிற நேரத்தில் பராக்குப் பார்க்கிறாளே என்று எனக்கு இன்னும் ஆத்திரம் வந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அப்பாவும் அம்மாவும் வெற்றிலை, பாக்கு, பழத்தட்டோடு மூச்சிரைக்கத் தொட்டியடிக்கு ஏறி வந்தார்கள். போனில் அத்தை இன்னொரு தட்டோடு தயாராக இருந்தார். தட்டு மாற்றுவதற்கு முன் பெண்ணிடம் சம்மதம் கேட்பது எங்கள் வழக்கம். தலையாட்டினாலே போதும், இரண்டாம் தடவை யாரும் கேட்பதில்லை.

"என்னம்மா, ஒனக்குச் சம்மதந்தானே?" என்றார் அப்பா.

"ம்" என்றாள் அக்கா, காலடியைப் பார்த்தபடி.

"அதான் புள்ள சொல்லிருச்சே!" என்று அம்மா தட்டைப் போனுக்கு நேரே தூக்கிப் பிடித்தார். அத்தையும் அங்கே தூக்கினார். கல்யாணம் நிச்சயமாகிவிட்டது.

பிரெஞ்சுக்காரர்கள் ஊதுகிற காற்றுக்கெல்லாம் அர்த்தம் சொல்லத் தெரிந்த எனக்கு, அக்கா ஏன் என் கையை அவ்வளவு இறுக்கிப் பிடித்திருக்கிறாள் என்பது தெரியவில்லை. "வலிக்குதுக்கா, விடு" என்று உதறிவிட்டேன்.