கோடிட்ட இடங்களில் நான் எழுதியவை

மன்னவனூரில் கேரட் கழுவும் கொட்டகையில் வேலை பார்த்தபோதுதான் நான் ஞானஸ்நானம் கேட்டேன். அதற்கு முன் ஏழெட்டு ஊர்களில் இருந்திருக்கிறேன். எந்த ஊரிலும் யாரிடமும் எதையும் கேட்டதில்லை. இங்கே கேட்டதற்கு ஒரே காரணம்தான். மாதத்தின் முதல் ஞாயிறு திருவிருந்து நடக்கும். அப்பத் தட்டு வரிசையாக வரும். ஞானஸ்நான முழுக்கு எடுக்காத என்னைத் தாண்டி அடுத்தவர் கைக்குப் போகும். பசி தாங்கிப் பழகியவன் நான். இதைத் தாங்க முடியவில்லை.

போதகர் ஒரு புத்தகம் தந்தார். ஆவிக்குரிய வளர்ச்சிக்குப் பன்னிரண்டு பாடங்கள். ஒவ்வொரு பாடத்தின் முடிவிலும் கேள்விகளும், பதில் எழுதக் கோடிட்ட இடமும் இருந்தன. எல்லாவற்றையும் நிரப்பிக் கொடுத்தால்தான் ஈஸ்டருக்கு மறுநாள் ஓடையில் முழுக்கு.

நான் ஆறாம் வகுப்போடு நின்றவன். எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். லாரியில் மூட்டைகளின் மேல் உட்கார்ந்து படித்து முடித்தேன். நல்ல புத்தகம், குறை சொல்ல மாட்டேன். ஆனால் எழுதியவருக்குச் சொந்தமாக ஒரு வீடு இருந்திருக்கிறது. ஜெபத்துக்கு வீட்டில் எந்த இடத்தை ஒதுக்கியிருக்கிறீர்கள் என்று கேட்டிருந்தார். கொட்டகையில் பதினொரு பேர் படுக்கிறோம், இடம் இல்லை என்று எழுதினேன். கர்த்தருக்காக எதை விட்டீர்கள்? விடுவதற்கு என்னிடம் ஒன்றும் இருக்கவில்லை. உங்களுக்குத் தீமை செய்தவரை மன்னித்துவிட்டீர்களா? அப்பாவை இன்னும் இல்லை, சில நாள் முயற்சி செய்கிறேன், பல நாள் அதுவும் இல்லை என்று எழுதினேன். எல்லாம் பேனாவில்.

வகுப்பில் என்னையும் சேர்த்து ஏழு பேர். மற்ற ஆறு பேருக்கு இந்தச் சிரமம் இல்லை. போன வருடம் முழுக்கு எடுத்த ஓர் அக்காவின் புத்தகம் கைமாறி வந்தது. வருடா வருடம் அப்படித்தானாம். அதைப் பார்த்து வரி விடாமல் எழுதிவிட்டார்கள். எங்களோடு சாக்கு தைக்கும் அண்ணன் கல்யாணமே செய்துகொள்ளாதவர். கர்த்தர் தனக்குச் செய்ததைச் சொல்லும் அவருடைய சாட்சியில், என் கணவர் குடியை நிறுத்தினார் என்று இருந்தது. நான் அதை வாசித்ததும் கொட்டகையே சிரித்தது.

"எங்கிட்டு ஒளிச்சு வச்சிருக்கீங்கண்ணே அந்த மனுசன?" என்றாள் கேரட் கழுவுகிற ஒருத்தி.

"சும்மா கெட ஆத்தா. யாரு குடிய நிறுத்துனா என்ன, நல்லதுதான?"

அவருடைய புத்தகம் தேறியது. என்னுடையது தேறவில்லை. ஆராதனை முடிந்ததும் போதகர் என்னைத் தனியாக உட்காரவைத்தார். கெட்டவர் இல்லை, நான் காய்ச்சலில் கிடந்தபோது கஞ்சி கொண்டுவந்தவர். மற்றதையெல்லாம் விட்டுவிடுகிறேன் என்று சொல்லி, மன்னிப்புப் பாடத்தின் பதிலை மட்டும் அடித்துவிட்டு எழுதித் தரச் சொன்னார்.

"மன்னிச்சிட்டேன்னு ஒரு வார்த்தை போடுங்க பிரதர். எழுதிட்டா மனசும் தன்னால வந்துரும்."

"வந்தப்புறம் எழுதுறேங்க ஐயா."

"விசுவாசத்துல எழுதுறது பொய்யாகாது."

"எங்கப்பன் அடிச்சு இந்தக் காது கேக்காமப் போச்சுங்க. இது கர்த்தருக்குத் தெரியும். அவருக்குத் தெரிஞ்சத மறைச்சுட்டு நான் எதுக்குத் தண்ணிக்குள்ள எறங்கணும்?"

அவர் புத்தகத்தை என் கையில் திருப்பிக் கொடுத்தார். அடுத்த வருடம் பார்க்கலாம் என்றார். சாக்கு தைக்கும் அண்ணனின் கணவரைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை. இன்னொருவர் முழுக்கைக் கெடுப்பது என் சோலி இல்லை.

ஈஸ்டருக்கு மறுநாள் ஆறு பேர் ஓடையில் இறங்கினார்கள். நான் கரையில் துண்டுகளோடு நின்றேன். தண்ணீர் எலும்பைக் குடைகிற குளிர். அண்ணன் பல் கிட்டிக்க மேலே வந்தார். அவர் அழுதுகொண்டிருந்தார். அவர் பொய்யாக முழுகினார் என்று நான் இன்றும் சொல்ல மாட்டேன். எனக்குக் கோபம் இல்லை என்றும் சொல்ல மாட்டேன்.

அந்த வாரமே மன்னவனூரை விட்டேன். இப்போது அய்யம்பாளையத்தில் தென்னந்தோப்பு வேலை. புத்தகம் என்னோடுதான் வருகிறது. எந்த ஊரில் தங்கினாலும் அங்குள்ள போதகர் முன்னால் அதை வைத்து, எனக்கு அப்பம் வேண்டும் என்று கேட்கிறேன். ஒரு வரியும் மாற்றவில்லை. அப்பாவை மன்னிக்கிற நாள் வந்தால் நானே அடித்து எழுதுவேன். யார் சொல்லியும் எழுத மாட்டேன். இதுவரை இரண்டு பேர் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். இந்த ஊர்ப் போதகர் போன ஞாயிறு வாங்கினார். இன்னும் படித்துக்கொண்டிருக்கிறார்.