கிளை இழுத்த தடம்

ஓர் ஆள் நீளத்துக்கு ஓர் உண்ணிச்செடிக் கிளை. அடிப்பக்கம் கட்டைவிரல் பருமன், நுனியில் இலையும் சிறு முள்ளுமாக ஒரே அடர்த்தி. நர்சம்மா அதை சைக்கிள் கேரியரின் இடது பக்கக் கம்பியில் வைத்து, நாடாவாகக் கிழித்த பழைய டியூபால் மூன்று சுற்றுச் சுற்றி, பல்லால் கடித்து இழுத்து முடிச்சுப் போடுவார். மலையிலிருந்து இறங்கும்போது கிளை பின்னால் மண்ணைத் தேய்த்துக்கொண்டே வரும். சைக்கிள் தலைதெறிக்க ஓடாமல் அது இழுத்துப் பிடிக்கும். நர்சம்மா என்றதும் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அவர் முகம்கூட இல்லை. வாயில் டியூப் நாடா இருப்பதால் பேச முடியாமல், ஒரு கையை என் பக்கம் நீட்டி ‘இருங்க’ என்று சைகை காட்டியபடி அவர் குனிந்திருக்கும் அந்தக் கோலம்தான். அவர் அப்படிக் கை காட்டும்போதெல்லாம் நான் ஒரு காலைப் பெடலில் வைத்து மறு காலால் தரையைத் தட்டிக்கொண்டிருப்பேன். சும்மா நிற்பது என் உடம்புக்கு ஒத்துவராத காரியம். காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டு பிறந்தவர் என்று என் மனைவி இன்றைக்கும் சொல்கிறாள், நான் மறுப்பதில்லை.

ஜவ்வாது மலையில் ஒரு நடுநிலைப் பள்ளியில் ஏழு வருடம் வேலை பார்த்தேன். வீடு ஒடுகத்தூருக்குப் பக்கத்தில், அடிவாரத்தில். காலையில் ஷேர் ஜீப்பின் கூரைமேல் சைக்கிளைப் படுக்கவைத்துக் கயிறு போட்டுக் கட்டிவிட்டு, உள்ளே ஆட்டுக்குட்டிக்கும் மண்ணெண்ணெய் கேனுக்கும் நடுவில் நான் உட்கார்ந்துகொள்வேன். மாலையில் ஜீப்பை நம்ப முடியாது. ஆள் சேர்ந்தால் ஆறு மணி, சேராவிட்டால் ஏழு, சில நாள் அதுவும் இல்லை. அதனால் ஏறுவது ஜீப்பில், இறங்குவது சைக்கிளில் என்று ஒரு ஏற்பாடு. ‘சைக்கிளா பொறந்தா சாரோட சைக்கிளா பொறக்கணும், ஏத்தமே கெடையாது அதுக்கு’ என்று ஜீப்காரர் கிண்டல் செய்வார். என்னிடம் இருந்தது சாதாரணக் கறுப்பு சைக்கிள்தான். ஆனால் அதற்கான சாமான்களைப் பையில் அடுக்கி வைத்திருப்பேன்: பேன்ட் கால் சங்கிலியில் மாட்டாமலிருக்க இரண்டு கிளிப், பஞ்சர் ஒட்ட சொல்யூஷனும் உப்புத்தாளும், இரண்டு ஜோடி பிரேக் கட்டை, ஒரு ஸ்பேனர், ஒரு கைப்பம்பு. பிரேக் கட்டை இரண்டு மாதம்கூடத் தாங்காது. தொடர்ந்து பிரேக் பிடித்து இறங்கினால் ரிம் கொதிக்கும், ரப்பர் கருகி நாறும். அதற்குத்தான் கிளை.

கிளை கட்டி இறங்குவது அந்தப் பக்கத்தில் சைக்கிள் வைத்திருந்த எல்லோருக்கும் வழக்கம். உண்ணியை யார் எவ்வளவு வெட்டினாலும் யாரும் கேட்பதில்லை. அது அழிந்தால் சரி என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அடிவாரம் வந்ததும் கிளையை அவிழ்த்து டீக்கடைப் பக்கத்தில் போட்டுவிட்டுப் போவோம். டீக்கடை அக்கா அதையெல்லாம் காயவைத்து அடுப்பில் வைப்பார். ‘ஒங்க பிரேக்குலதான் சார் பாலு காயுது’ என்பார்.

மேல் பாதியில் ஆறு வளைவுகள் இன்னும் தார் காணாத மண் ரோடு. கிளை இழுத்த கோடு அந்தப் புழுதியில் அப்படியே பதிந்திருக்கும். அதுதான் எங்களுக்குக் கடுதாசி. சரிவின் உச்சியில் வந்து நின்று மண்ணைப் பார்த்தால், யார் இறங்கிவிட்டார், யார் இன்னும் மேலே இருக்கிறார் என்று தெரிந்துவிடும். சேர்ந்து போவதாகச் சொல்லிவைத்த ஆளின் தடம் கீழே போயிருந்தால் காத்திருக்க வேண்டியதில்லை. ஒவ்வொருவர் தடமும் ஒவ்வொரு விதம். புளி மூட்டை ஏற்றி வருகிறவர்கள் நான்கைந்து கிளைகளைக் கற்றையாக நடுவில் கட்டுவார்கள். அது விளக்குமாறு போட்டுப் பெருக்கியதுபோல அகலமாக விழுந்து, டயர் அச்சையும் சேர்த்து அழித்துவிடும். நர்சம்மா ஒற்றைக் கிளை, அதுவும் இடது ஓரம். டயர் அச்சு ஒரு பக்கம் பூ வேலைபோல முழுசாகத் தெரியும், அதற்குப் பக்கத்தில் ஒரு சாண் அகலத்தில் கீறல். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் கையெழுத்தைவிட எனக்கு அது நன்றாகத் தெரியும். இதை இப்போதே சொல்லிவிடுகிறேன், பிறகு மறைக்கப் பார்ப்பேன்.

நர்சம்மாவுக்கு என் வயதுதான் இருக்கும். மலைக்கு அந்தப் பக்கம் நெல்லிவாசல்நாட்டில் பிறந்து, இந்தப் பக்கம் அடிவாரத்தில் வாழ்க்கைப்பட்டவர். மேலே இருந்த சின்ன சுகாதார நிலையம் அவர் பொறுப்பு. கேரியரில் தடுப்பூசிப் பெட்டி, ஹேண்டில்பாரில் ஒரு பக்கம் குழந்தை நிறுக்கும் தராசு, மறு பக்கம் பதிவேடுகள் வைத்த பை. இவ்வளவையும் சுமந்துகொண்டு குக்கிராமம் குக்கிராமமாகப் போவார். வண்டி போகாத இடத்தில் சைக்கிளைத் தள்ளுவார், தள்ள முடியாத இடத்தில் தூக்குவார். நடந்தால் மூன்று ஊர், சைக்கிள் இருந்தால் ஐந்து ஊர் என்பது அவர் கணக்கு. சைக்கிளில் போகும்போது மட்டும்தான் அவர் பாடிக்கொண்டு போவார். என்னைப் பார்த்தால் நிறுத்திவிடுவார். என் அவசரம் அவருக்கு வேடிக்கை. ‘இன்னா சார், அடிவாரம் எங்கியாவது ஓடிடப் போவுதா?’ என்பார். ‘வூட்டுக்குப் போய் இன்னா பண்ணுவீங்க?’ என்றும் ஒரு நாள் கேட்டார். யோசித்துப் பார்த்தேன். வீட்டுக்குப் போய் வெளியே எங்காவது போகலாமா என்று பார்ப்பேன். அதைச் சொல்லவில்லை, சிரித்து மழுப்பினேன்.

அன்று பங்குனி மாத வெயில். மதியம் பள்ளி வாசலில் சைக்கிளை நிறுத்தி நர்சம்மா என்னைக் கூப்பிட்டார். அவருடைய பின் பிரேக் வயர் நார் நாராகப் பிரிந்து, ஒரே ஓர் இழையில் தொங்கிக்கொண்டிருந்தது.

“சார், சாயங்காலம் எனக்காகக் கொஞ்சம் நில்லுங்க. பெட்டி, தராசு எல்லாம் கீது, ஒத்தையா தள்ளிக்குனு எறங்க முடியாது. மொத மூணு வளைவு மட்டும் நீங்க பின்னால கேரியரைப் புடிச்சிக்குனு வந்தீங்கன்னா போதும். அப்புறம் நான் பாத்துக்குறேன்.”

“அதுக்கென்ன நர்சம்மா, நிக்கிறேன்” என்றேன். என் பையில் பிரேக் கட்டை இருந்ததே தவிர வயர் இல்லை. இருந்திருந்தால் இதை எழுத வேண்டி வந்திருக்காது.

நாலரைக்குச் சரிவின் உச்சிக்கு வந்தேன். நர்சம்மாவைக் காணோம். கிளை வெட்டிக் கட்டினேன். கிளிப்பை மாட்டினேன். காற்று சரியாகத்தான் இருந்தது, ஆனாலும் இரண்டு அடி பம்பு அடித்தேன். மணியை அடித்துப் பார்த்தேன். பத்து நிமிடம் போயிருக்கும். அன்றைக்கு எனக்குக் கீழே ஒரு வேலையும் இல்லை. பிடிக்க பஸ் இல்லை, பார்க்க ஆள் இல்லை. ஒரு காரணம் இருந்திருந்தால் இத்தனை வருடத்தில் பழியை அதன் தலையில் போட்டுவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன். உள்ளங்காலில் ஓர் அரிப்பு, அவ்வளவுதான். இருப்புக்கொள்ளவில்லை.

அப்போது மண்ணைப் பார்த்தேன். புதிதாக ஒரு தடம் கீழே இறங்கியிருந்தது. அகலமான தடம். டயர் அச்சே தெரியாமல் பெருக்கிவிட்டிருந்தது. புளி மூட்டைக்காரர் யாரோ இறங்கியிருக்கிறார். பார்த்த மாத்திரத்தில் தெரிந்தது. தெரிந்த பிறகு, தெரிந்ததை மெதுவாகத் தெரியாததாக்கினேன். இன்றைக்குச் சுமை அதிகம், இரண்டு கிளை கட்டியிருப்பார் என்று ஒரு நியாயம். வேறு யாராவது துணை கிடைத்திருக்கும் என்று இன்னொரு நியாயம். எனக்கு முன்பே வந்து பார்த்துவிட்டுப் போயிருப்பார் என்று மூன்றாவது. ஒரு நியாயம் உண்மையாக இருந்தால் மூன்று எதற்கு? பெடலை மிதித்தேன். அந்த அகலத் தடத்தின்மேலேயே இறங்கினேன். காற்று முகத்தில் அடித்தபோது சந்தோஷமாகத்தான் இருந்தது, அதையும் சொல்ல வேண்டும்.

நான் போய்க் கால் மணி நேரத்தில் நர்சம்மா வந்திருக்கிறார். ஒரு குழந்தைக்கு ஊசி போட்ட வீட்டில், காய்ச்சல் வருமா என்று தாய் பயந்ததால் கூடக் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு வந்தாராம். உச்சியில் எனக்காக அரை மணி நேரம் நின்றிருக்கிறார். என் தடத்தை அவர் பார்த்திருக்க வேண்டும். நான் கட்டும் கிளையும் அவருக்குத் தெரியும். ஆனாலும் நின்றிருக்கிறார். பிறகு தனியாகத் தள்ளிக்கொண்டு இறங்கியிருக்கிறார். இரண்டாவது வளைவில் கடைசி இழையும் அறுந்து, சுமையோடு சைக்கிள் அவரை இழுத்துக்கொண்டு ஓரப் பள்ளத்தில் விழுந்தது. இடது தொடை எலும்பு முறிந்தது. பொழுது சாயும் நேரத்தில் ஜீப் வந்து பார்க்கும்வரை அங்கேயே கிடந்தார். தடுப்பூசிப் பெட்டியை நிழலுக்கு நகர்த்தி வைத்துவிட்டுக் கிடந்தார் என்று ஜீப்காரர் சொன்னார். அதைக் கேட்டபோது எனக்கு அழுகை வரவில்லை, யாரையாவது அடிக்க வேண்டும்போல இருந்தது. அடிக்க வேண்டிய ஆள் நான்தான் என்பதால் எழுந்து வாசலுக்கும் கொல்லைக்குமாக நடந்தேன்.

மறுநாள் சாத்துக்குடி வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். காலில் எடை கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். எனக்கு அது உட்கார முடியாத அளவுக்குக் குறுகுறுத்தது. நாற்காலியை இழுத்துப் போட்டும் நின்றுகொண்டே இருந்தேன். நான் வாயைத் திறப்பதற்குள் அவரே கேட்டார்.

“தடத்தப் பாத்துட்டு நான் போய்ட்டேன்னு நெனச்சிட்டீங்களா சார்?”

“ஆமா நர்சம்மா. தடம் இருந்துச்சு. அதான்.”

“அதான பாத்தேன். இல்லாட்டி நீங்க போவ மாட்டீங்களே.”

அவர் முகத்தில் எதையும் படிக்க முடியவில்லை. மண்ணில் விழுந்த எந்தக் கீறலையும் என்னைவிட நன்றாகப் படிக்கத் தெரிந்தவர் அவர். அன்று உச்சியில் அரை மணி நேரம் நின்றவர் அந்த அகலத் தடத்தைப் பார்க்காமலா இருந்திருப்பார்? என்னை நம்பிச் சொன்னாரா, நான் தப்பித்துப் போக ஒரு வழியைத் திறந்துவிட்டாரா? இத்தனை வருடமாகப் புரட்டிப் புரட்டிப் பார்க்கிறேன், பிடிபடவில்லை. அவர் குணமாகி வேலைக்குத் திரும்பினார். கால் கொஞ்சம் சாய்ந்துவிட்டது, பெடல் மிதிக்க வராது. ஜீப்பிலும் கால்நடையாகவும் போகிறார் என்று கேள்விப்பட்டேன். ஐந்து ஊர் மூன்று ஊராகியிருக்கும். அந்த வருடமே எனக்கு அடிவாரத்துக்கு மாற்றல் கிடைத்தது. கேட்டதும் நான்தான்.

இப்போது பள்ளிக்கூடம் நாலு கிலோமீட்டர், சமதளம். கியர் வைத்த சைக்கிள், முன்னும் பின்னும் டிஸ்க் பிரேக், ஹெல்மெட், பின்னால் மினுக்கும் சிவப்பு விளக்கு, பையில் எப்போதும் நான்கு பிரேக் வயர். இத்தனை இருந்தும் ரோட்டில் இருப்புக்கொள்வதில்லை. பஸ் ஆரன் அடித்தால் திடுக்கிடுகிறேன். யாராவது ஓரத்தில் சைக்கிளைச் சாய்த்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தாலும் இறங்கி, “என்னாச்சுங்க?” என்று கேட்கிறேன். வெற்றிலை போட உட்கார்ந்தவர்கள் என்னை ஒரு மாதிரியாகப் பார்க்கிறார்கள்.

இந்தப் பங்குனியில் ஒரு சனிக்கிழமை, சைக்கிளை ஜீப் மேல் போட்டுக்கொண்டு மலைக்குப் போனேன். நர்சம்மாவை நேரில் பார்த்து ஒரே ஒரு வாக்கியம் சொல்லிவிட்டு வருவதாக உத்தேசம். சுகாதார நிலையம் பூட்டியிருந்தது. பிறந்த ஊருக்குப் போயிருக்கிறார், திங்கள்கிழமைதான் வருவார் என்றார்கள். சொல்ல வந்த வாக்கியத்தோடு சரிவின் உச்சிக்குத் திரும்பி வந்தேன். அங்கே ஒருவர் புளி மூட்டை ஏற்றிய சைக்கிளோடு நின்றிருந்தார். முப்பது வயதுக்குள்தான் இருக்கும், நான் இருந்த காலத்தில் பார்த்த முகம் இல்லை. கிளையெல்லாம் கட்டித் தயாராக இருந்தும் இறங்காமல் பீடி பிடித்துக்கொண்டிருந்தார்.

“யாருக்காக நிக்கிறீங்க?” என்றேன்.

“மச்சான் வர்றாரு சார். அவர் வந்துதான் எறங்கணும்.”

“முன்னெல்லாம் தடத்தைப் பாத்துட்டுப் போய்டுவாங்களே?”

“அது அப்போ. தடத்த நம்பி ஒரு சாரு ஏமாந்துட்டாரு சார். நர்சம்மா போய்ட்டாங்கன்னு நெனச்சிட்டு எறங்கிட்டாரு. அவங்க கால் ஒடஞ்சி கெடந்தாங்க. அதுலேர்ந்து அவங்க போற ஊர்லலாம் சொல்லிட்டாங்க, தடத்த நம்பாதீங்க, ஆள கண்ணால பாத்துட்டு எறங்குங்கன்னு. இப்போ யாரும் தனியா எறங்கறதில்ல. பாவம் அந்த சாரு, நல்ல மனுசனாம்.”

நர்சம்மாவிடம் சொல்ல வந்தது என் வாயில் தயாராக இருந்தது. “அந்த சார் ஏமாறலைங்க. அது நர்சம்மா தடம் இல்லன்னு தெரிஞ்சேதான் போனாரு.”

“ஒங்களுக்கு யாரு சொன்னது?”

“நான்தான் அந்த சார்.”

அவர் என் ஹெல்மெட்டைப் பார்த்தார், டிஸ்க் பிரேக்கைப் பார்த்தார், பிறகு சிரித்துவிட்டார். “சும்மா இருங்க சார். நர்சம்மா அவங்க வாயால சொன்னதுன்றேன். அவங்க பொய் சொல்வாங்களா?”

காலைப் பெடலில் வைத்தேன்.

“அட இருங்க சார், மச்சான் வந்துடட்டும். ஒத்தையா எறங்காதீங்க.”

காலைக் கீழே ஊன்றினேன். மச்சான் வந்து சேர முக்கால் மணி நேரம் ஆயிற்று. அதுவரைக்கும் நின்றேன்.